லண்டன் மெட்டு, காசி ராகம், காஞ்சி காமாட்சி... முத்துசுவாமி தீட்சிதர் நெய்த இசை!

காஞ்சிபுரம் பட்டுப்புடவை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்க. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகாவிலிருந்து வருது. ஜரிகைக்கு சூரத். அதாவது, புடவையில் இருக்கிற முக்கியமான இரண்டு பொருளும் வெளியூர். ஆனா, அதை யாரும் சூரத் புடவைனு சொல்றதில்லை. தறியில் நடக்கிற வேலைதான் அதைக் காஞ்சிபுரம் ஆக்குகிறது.

அந்த வேலையில் முக்கியமான ஒன்றுக்குக் `கோர்வை'னு பேர். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டு நிற ஊடை நூலும் சந்திக்கிற இடத்தில் ஒன்றோடொன்று கோத்துப் பிணைக்கணும். இதுக்கு மூன்று நாடா ஓடணும். பக்கத்தில் உட்கார்ந்து கைகொடுக்க இன்னொரு ஆளும் வேணும். இரண்டு நிறமும் கலந்து மங்கிப் போகாது. ஆனா, பிரிக்கவும் முடியாது.

இதே மாதிரி ஒரு வேலையை இசையில் செஞ்ச ஒருத்தர், 200 வருடங்களுக்கு முன்னாடி இதே காஞ்சிபுரத்துல சில காலம் தங்கியிருந்தார். முத்துசுவாமி தீட்சிதர். கர்நாடக இசையின் மும்மூர்த்திகளில் ஒருத்தர். சிலை, கோயில், ஆராதனைனு மட்டும் அவரைப் பார்த்துப் பழகிட்டோம். ஆனா, அவர் வாழ்க்கையைத் திருப்பிப் பார்த்தா, கிழக்கிந்தியக் கம்பெனி பேண்டு வாத்தியம், ஐரிஷ் மெட்டு, காசியின் இந்துஸ்தானி ராகம்னு அவர் காது எங்கெங்கோ போய் வந்திருக்கு.

திருவாரூர் பிள்ளை, மணலி வீடு

1775-ல் திருவாரூரில் பிறந்தார் முத்துசுவாமி. அப்பா ராமசுவாமி தீட்சிதர், பெரிய வித்வான். கச்சேரி ஆரம்பத்தில் இன்றைக்கும் அடிக்கடி கேட்கிற ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவர் அவர்தான்னு சொல்வாங்க. பிறகு அதே ராகத்தில்தான் மகன் `வாதாபி கணபதிம்' அமைத்தார். தம்பிகள் சின்னசுவாமி, பாலுசுவாமி. தங்கை பாலாம்பா.

இன்னொரு ஆச்சர்யம், மும்மூர்த்திகளில் மற்ற இருவரும் அதே திருவாரூரில் பிறந்தவர்கள்தான். சியாமா சாஸ்திரி 1762-ல், தியாகராஜர் 1767-ல். 13 வருட இடைவெளியில், ஒரே ஊரில் மூன்று பேர்!

ராமசுவாமி தீட்சிதர் குடும்பம் சில வருடங்களில் சென்னைக்குப் பக்கத்தில் இருந்த மணலிக்குக் குடிபெயர்ந்தது. இன்றைக்கு மணலின்னா நமக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைதான் ஞாபகம் வரும். அன்றைக்கு அது ஒரு ஜமீன் கிராமம். அங்கே இருந்த முத்துகிருஷ்ண முதலியாரும், அவருக்குப் பின் மகன் வெங்கடகிருஷ்ண முதலியாரும் இந்தக் குடும்பத்தை ஆதரித்தார்கள். இவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு துபாஷிகள். துபாஷின்னா வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. வெள்ளைக்காரர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று பேச்சு, வியாபாரம், கடன் எல்லாத்தையும் முடித்துக் கொடுக்கிறவர். செல்வாக்கான வேலை.

தீட்சிதரின் வாழ்க்கையில் மேற்கத்திய இசை நுழைந்ததும் இந்தக் கதவு வழியாத்தான்.

கோட்டைக்குள்ளே பேண்டு சத்தம்

புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியின் ராணுவ பேண்டு வாசிக்கும். முதலியாரின் தொடர்பில் தீட்சிதர் சகோதரர்களுக்கு அதைக் கேட்கும் வாய்ப்பு கிடைத்தது.

அது என்ன காலம்னு ஒரு நிமிஷம் யோசிங்க. 1780-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள புள்ளலூரில் திப்புவின் படை, கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை நொறுக்கியது. சண்டை, பஞ்சம், ஊரைக் காலி செய்து ஓடுவது என்று தொண்டை மண்டலமே அல்லாடிய வருடங்கள். அந்த பேண்டு, கச்சேரி மேடை இசை இல்லை. ஊரைப் பிடிக்க வந்தவனின் அணிவகுப்பு இசை.

அதைக் கேட்ட ஒரு வித்வான் குடும்பத்துப் பிள்ளைக்கு இரண்டு வழி இருந்திருக்கும். அதெல்லாம் மிலேச்ச சங்கீதம்னு காதைப் பொத்திக்கலாம். இல்லைன்னா அதுதான் உசத்தின்னு பின்னாலேயே போயிடலாம். தீட்சிதர் சகோதரர்கள் இரண்டையும் செய்யலை.

தம்பி பாலுசுவாமி, ஐரோப்பிய வாத்தியக்காரர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டார். கர்நாடக இசையை அதில் வாசிக்கும் வழியைக் கண்டுபிடித்தவர் என்று இசை வரலாறு அவரைத்தான் முதலில் சொல்கிறது. இன்றைக்கு வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நினைச்சுப் பார்க்க முடியுமா? அந்த மாற்றத்தின் தொடக்கம் இந்த வீட்டில் நடந்தது.

அண்ணன் முத்துசுவாமி செய்தது வேற. கேட்ட மெட்டுகளை மனசில் வாங்கிக்கொண்டார். அதே மெட்டுக்கு சம்ஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதினார். இப்படி உருவானவைதான் நோட்டுஸ்வரங்கள். `நோட்' என்ற ஆங்கிலச் சொல்லோடு ஸ்வரம் சேர்ந்த பெயர். சுமார் 40 பாட்டுகள் இன்றைக்குக் கிடைக்கின்றன. `சந்ததம் பாஹிமாம்' என்ற பாட்டைக் கேளுங்க. இரண்டாவது விநாடியே கண்டுபிடிச்சிடுவீங்க. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு! மன்னரைக் காப்பாற்றச் சொல்லிக் கடவுளை வேண்டுகிற மெட்டில், தன்னைக் காப்பாற்றச் சொல்லி அம்மனைப் பாடுகிறார். மெட்டு அப்படியே இருக்கு. மன்னர் மட்டும் காணாமல் போயிட்டார்.

காசிக்குப் போன பயணம்

மணலி வீட்டுக்கு சிதம்பரநாத யோகி என்ற துறவி வந்தார். முத்துசுவாமியின் திறமையைப் பார்த்து, கூடவே காசிக்கு அழைத்துப் போக விரும்பினார். அப்பாவுக்கு மனசே இல்லை. கடைசியில் சம்மதித்தார். ரயில் கிடையாது, நடையும் மாட்டு வண்டியும்தான்.

காசியில் ஐந்திலிருந்து ஏழு வருடம் வரை இருந்தார்னு சொல்வாங்க. யோகியிடம் வேதாந்தமும் ஸ்ரீவித்யை வழிபாடும் கற்றார். இன்னொரு பக்கம், வடக்கின் இசையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அங்கே துருபத் பாணிக்குப் பெரிய மதிப்பு. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு ஸ்வரமாக நின்று நிதானமாகப் பாடுகிற பாணி. தீட்சிதரின் பாட்டுகள் யானை நடை போடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று இசை அறிந்தவர்கள் சொல்கிறார்கள்.

கங்கையில் இறங்கியபோது அவர் கையில் ஒரு வீணை கிடைத்தது என்பது குடும்ப வழிக் கதை. யோகி காசியிலேயே மறைந்த பிறகு, தெற்கே திரும்பினார் முத்துசுவாமி.

திரும்பியதும் திருத்தணி. அங்கே ஒரு முதியவர் வடிவில் முருகன் வந்து வாயில் கற்கண்டு போட, முதல் பாட்டு பிறந்தது என்று சொல்வார்கள். அது மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்த `ஸ்ரீநாதாதி குருகுஹோ'. அன்றிலிருந்து `குருகுஹ' என்பதுதான் அவர் முத்திரை. பாட்டுக்குள் எங்கேயாவது அவர் போட்டுவிடும் கையெழுத்து. பல நோட்டுஸ்வரங்களிலும் அந்தக் கையெழுத்து இருக்கிறது.

காஞ்சியில் சில வருடங்கள்

அடுத்த முக்கியமான நிறுத்தம் காஞ்சிபுரம். இங்கே சுமார் நான்கு வருடம் இருந்தார் என்பது குடும்ப வழிச் செய்தி. அப்போது காஞ்சியில் உபநிஷத் பிரம்மேந்திரர் என்ற துறவி இருந்தார். 108 உபநிடதங்களுக்கும் உரை எழுதியவர். அவரிடம் தீட்சிதர் பாடம் கேட்டார். அந்தத் துறவி எழுதிய ராம அஷ்டபதிக்கு தீட்சிதர் மெட்டமைத்துக் கொடுத்தார். அந்த மெட்டுகள் நமக்குக் கிடைக்காமலேயே போய்விட்டன.

காஞ்சிக்கும் மும்மூர்த்திகளுக்கும் இன்னொரு முடிச்சும் உண்டு. சியாமா சாஸ்திரியின் முன்னோர்கள் காஞ்சியில் பங்காரு காமாட்சிக்குப் பூஜை செய்தவர்கள். படையெடுப்புக்குப் பயந்து அந்தத் தங்க விக்கிரகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்து, திருவாரூர் வழியாகக் கடைசியில் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தது அந்தக் குடும்பம். பங்காரு காமாட்சி இன்றைக்கும் தஞ்சாவூரில்தான் இருக்கிறாள். காஞ்சியிலிருந்து ஒரு குடும்பம் போனது; வேறொரு குடும்பத்துப் பிள்ளை காசி வரைக்கும் போய்விட்டு அதே காஞ்சிக்கு வந்து சேர்ந்தார்.

காஞ்சியில் அவர் தொடாத கோயில் இல்லை எனலாம். காமாட்சிக்கு கமலாமனோகரியில் `கஞ்ஜதளாயதாக்ஷி'. சின்ன காஞ்சிபுரம் வரதராஜருக்கு சாரங்காவில் `வரதராஜம் உபாஸ்மஹே'. ஏகாம்பரநாதருக்கு பைரவியில் `சிந்தய மாகந்த மூலகந்தம்'. ஏகாம்பரநாதர் மண்ணால் ஆன லிங்கம். அதனால் அந்த லிங்கத்துக்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது. புனுகு சாத்துவதுதான் வழக்கம். மாமரத்தடி என்ற தலக்கதை அந்தப் பாட்டின் முதல் வரியிலேயே வந்துவிடும்.

பஞ்சபூதங்களுக்கு ஒன்றாக ஐந்து தலங்களுக்கும் அவர் பாட்டு உண்டு. மண்ணுக்குக் காஞ்சி, நீருக்குத் திருவானைக்காவல், நெருப்புக்குத் திருவண்ணாமலை, காற்றுக்குக் காளஹஸ்தி, ஆகாயத்துக்குச் சிதம்பரம். கோயிலின் பெயர், தல மரம், தீர்த்தம், பல சமயம் ராகத்தின் பெயர்கூட பாட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

இதே ஏகாம்பரநாதருக்கு `காஞ்சீசம்' என்று தொடங்கும் ஒரு நோட்டுஸ்வரமும் இருக்கு. அதாவது, ஒரே சாமிக்கு ஒரு பக்கம் கனமான பைரவி, இன்னொரு பக்கம் குதித்து ஓடும் ஐரோப்பிய மெட்டு. இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தார்!

அதே ஏழு ஸ்வரம், வேற உலகம்

அவருடைய `கோர்வை' நுட்பம் புரியணும்னா ஒரு சின்ன பரிசோதனை பண்ணிப் பாருங்க. நோட்டுஸ்வரங்கள் மேற்கத்திய மேஜர் ஸ்கேலில் அமைந்தவை. நம்ம கணக்கில் அது சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்கள். முதலில் ஒரு நோட்டுஸ்வரம் கேளுங்க. பிறகு, கீழ்வேளூர் கோயிலுக்கு அவர் சங்கராபரணத்தில் அமைத்த `அக்ஷயலிங்க விபோ' கேளுங்க. ஸ்வரங்கள் ஒன்றுதான், ஆனால், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும்.

நோட்டுஸ்வரத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் நேராக நிற்கும். அசைவு, குழைவு கிடையாது. அந்த அசைவுக்குத்தான் கமகம்னு பேர். கர்நாடக ராகத்துக்கு உயிரே அதுதான். தீட்சிதர் நினைத்திருந்தால் வெள்ளைக்கார மெட்டுக்கு நாலு கமகம் போட்டு, இது எங்க ஊர்ச் சரக்குதான்னு காட்டியிருக்கலாம். செய்யலை. அதை அதன் அழகிலேயே விட்டார். அதேபோல, சங்கராபரணத்தில் பெரிய கிருதி அமைக்கும்போது அதில் பேண்டு வாடையே வரவிடலை.

இந்துஸ்தானி விஷயத்தில் அவர் வேறு வழியில் போனார். அங்கே மெட்டை எடுக்கலை. ராகத்தின் நடையை எடுத்தார். வடக்கின் யமன் போன்ற யமுனா கல்யாணியில் திருவானைக்காவலுக்கு `ஜம்புபதே'. ஜெய்ஜெய்வந்தியின் தெற்குத் தங்கையான த்விஜாவந்தியில் `சேத ஸ்ரீ பாலகிருஷ்ணம்'. ஸ்ரீரங்கத்துக்கு பிருந்தாவன சாரங்காவில் `ரங்கபுர விஹார'. ராகம் வடக்கு, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற உடல் முழுக்கத் தெற்கு. கடைசியில் திடீரென வேகம் பிடிக்கிற மத்திமகால வரிகள் அவருடைய தனி அடையாளம்.

மொழியிலும் இப்படித்தான். பெரும்பாலும் சம்ஸ்கிருதத்தில் எழுதினாலும், மாயவரம் அபயாம்பாளைப் பற்றிய ஒரு பாட்டில் சம்ஸ்கிருதம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் ஒன்றாகக் கோத்திருக்கிறார்.

ஃபியூஷன்னா எல்லாத்தையும் ஒரே மிக்ஸியில் போட்டு அரைக்கறதுன்னு நினைக்கிறவங்க இருக்காங்க. வெளியே இருந்து எது வந்தாலும் தீட்டுன்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க. தீட்சிதர் இந்த இரண்டு கோஷ்டியிலும் சேர மாட்டார். எதை எடுத்தாலும் முழுசாகக் கற்றார். எங்கே சேர்க்கணும், எங்கே தனியா விடணும்னு அவருக்குத் தெரிந்திருந்தது.

ராஜாவைப் பாடாதவர்

காஞ்சிக்குப் பிறகு பல தலங்கள் சுற்றி, திருவாரூரில் நெடுங்காலம் இருந்தார். அங்கே கமலாம்பாளுக்கு அவர் பாடிய நவாவரணம், தியானப் பாட்டும் மங்களமும் சேர்த்து 11 பாட்டுகள். ஒரு பாட்டைப் பாடி முடிக்கவே நிறைய நேரமும் மூச்சும் வேணும். இன்றைக்கும் நவராத்திரி நேரத்தில் வித்வான்களுக்கு அது ஒரு பரீட்சை.

பணம் மட்டும் கடைசி வரை சேரலை. வீட்டில் அரிசி இல்லாத நாளும் உண்டு. ஒரு சமயம், அவரிடம் பாட்டு கற்ற தேவரடியார் குலத்துக் கமலம், தன் நகையை விற்றுச் சமாளிக்க முன்வந்ததாகவும், அவர் மறுத்துவிட்டு லலிதா ராகத்தில் `ஹிரண்மயீம்' என்று மகாலட்சுமியைப் பாடியதாகவும் ஒரு கதை உண்டு. தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய் ராஜாவைப் புகழ்ந்து பாடி, பரிசு வாங்கி வரலாம். அதை அவர் செய்யலை.

அவரிடம் கற்றவர்களின் பட்டியலைப் பார்த்தால், அந்தக் காலத்துக்கு அது சாதாரண விஷயம் இல்லை. தேவரடியார் கமலம், மத்தளக்காரர் தம்பியப்பன், இன்றைய பரதநாட்டியக் கச்சேரி முறையை வகுத்துக் கொடுத்த தஞ்சை நால்வர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. தம்பியப்பனுக்குத் தீராத வயிற்றுவலி. குரு கிரகத்துக்கு ஜபம் செய்யணும். ஆனால், அன்றைய சாதிக் கட்டுப்பாட்டில் அந்த மந்திரத்தை அவருக்குச் சொல்லித்தர வழியில்லை. அதனால் அதைப் பாட்டாகவே அமைத்துக் கொடுத்தார், அப்படித்தான் அடாணாவில் `ப்ருஹஸ்பதே' பிறந்தது என்று சொல்வார்கள். நடந்ததோ, கதையோ, மூடியிருந்த ஒரு கதவைப் பாட்டு திறந்தது என்றுதான் அவரை ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது.

நால்வரில் கடைசித் தம்பி வடிவேலு, வயலினில் கெட்டிக்காரர். 1834-ல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். தீட்சிதர் வீட்டுக்குள் வந்த வெளிநாட்டு வாத்தியம், ஒரு தலைமுறைக்குள் அரண்மனை மேடை ஏறிவிட்டது.

எட்டயபுரத்தில் ஒரு தீபாவளி

வயலின் தம்பி பாலுசுவாமி, எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆகியிருந்தார். அவரைப் பார்க்கக் கிளம்பினார் தீட்சிதர். வழியில் வறண்டு கிடந்த பூமியைப் பார்த்து அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாட, மழை கொட்டியது என்பது இன்னொரு கதை.

1835 அக்டோபர் 21. தீபாவளி நாள். எட்டயபுரத்தில் சீடர்கள் `மீனாக்ஷி மே முதம்' பாடிக்கொண்டிருக்க, தீட்சிதர் மறைந்தார். வயது 60. எட்டயபுரம்னா நமக்கு பாரதியார்தான் நினைவுக்கு வருவார். அவர் அங்கே பிறந்தது, 47 வருடம் கழித்து 1882-ல். தீட்சிதரின் சமாதியும் அதே ஊரில்தான் இருக்கிறது.

பாட்டுகளைக் காப்பாற்றியது யார்?

தீட்சிதர் பாட்டுகள் சீடர்களின் தொண்டையிலும், குடும்பத்தின் ஏடுகளிலும்தான் இருந்தன. அவர்கள் போனால் பாட்டும் போகும். ராம அஷ்டபதி மெட்டுகள் அப்படிப் போனவைதான்.

பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதர். பாலுசுவாமி அவரையே தத்தெடுத்து வளர்த்தார். குடும்பத்துப் பாட்டுகள் எல்லாம் சுப்பராமரிடம் இருந்தன. வெளியே கொடுக்க அவர் லேசில் சம்மதிக்கலை. அவரை விடாமல் கேட்டவர் சின்னசாமி முதலியார். சென்னை தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்தவர், கத்தோலிக்கக் கிறிஸ்தவர். கர்நாடகப் பாட்டுகளை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் எழுதி அச்சடிப்பதையே வாழ்க்கை வேலையாக எடுத்துக்கொண்டவர். பணமும் கண்பார்வையும் அதிலேயே கரைந்தன. அவருடைய தூண்டுதலும் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவும் சேர்ந்து, 1904-ல் `சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' தெலுங்கு லிபியில் அச்சாகி வந்தது. தீட்சிதரின் 229 பாட்டுகள் அதில் ஸ்வரக் குறிப்போடு இருக்கின்றன. அடுத்த வருடம் வந்த சுப்பராமரின் ஆரம்பப் பாடப் புத்தகத்தில் நோட்டுஸ்வரங்கள் அச்சேறின.

வெள்ளைக்கார மெட்டுக்கு இடம் கொடுத்த ஒருவரின் பாட்டுகள், வெள்ளைக்கார இசைக்குறியீட்டைக் கற்ற ஒரு கிறிஸ்தவரின் பிடிவாதத்தால் பிழைத்தன. இன்றைக்கு யூடியூபில் ஒரு தட்டு தட்டினால் வரும் ஒவ்வொரு தீட்சிதர் கிருதிக்குப் பின்னாலும் இந்தப் புத்தகத்தின் நிழல் இருக்கு.

இயர்போன் மாட்டிக் கேட்க ஐந்து

கர்நாடக இசை கேட்டுப் பழக்கமே இல்லையா? இந்த வரிசையில் கேளுங்க.

1. `சந்ததம் பாஹிமாம்': பிரிட்டிஷ் கீதம் எங்கேயிருக்குன்னு கண்டுபிடிங்க. சின்னப் பாட்டுதான்.

2. `வாதாபி கணபதிம்': அப்பா தந்த ராகம், மகன் தந்த பாட்டு.

3. `ரங்கபுர விஹார': வடக்கு ராகத்தில் ஸ்ரீரங்கம். எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடியதைத் தேடுங்க.

4. `அக்ஷயலிங்க விபோ': முதல் பாட்டின் அதே ஏழு ஸ்வரங்கள். அவசரப்படாமல் கேளுங்க.

5. `சிந்தய மாகந்த மூலகந்தம்': இதை மட்டும் வீட்டில் கேட்காதீங்க. அடுத்த தடவை பட்டு எடுக்க காஞ்சிபுரம் போகும்போது, கடை திறக்கிறதுக்கு முன்னாடி ஏகாம்பரநாதர் கோயில் பிராகாரத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்து கேளுங்க.